பள்ளி முடிந்த பிறகு ஒரு கலைக்கூடம்: அறிவுசார் மாற்றுத்திறனாளி இளைஞர்களுக்காக ஊரிலேயே தொடங்க முழுமையான வழிகாட்டி

சிறப்புப் பள்ளிகளில் பெரும்பாலும் 18 வயதோடு எல்லாம் முடிந்துவிடும். அதன் பிறகு அறிவுசார் குறைபாடுள்ள ஓர் இளைஞருக்கு நம் ஊர்களில் மிஞ்சுவது பகல் முழுக்க டிவி. கொஞ்சம் அதிர்ஷ்டம் இருந்தால், மெழுகுவத்தியும் காகிதக் கவரும் பினாயிலும் செய்யும் தொழிற்பயிற்சி மையம். அந்த மையங்களைக் குறை சொல்லவில்லை. ஆனால் 22 வயதில் ஒருவர் தினமும் அடுத்தவர் சொன்ன அளவில் கவர் ஒட்டிக்கொண்டு மட்டுமே இருந்தால், தனக்கு என்ன பிடிக்கும் என்று அவரிடம் யார் எப்போது கேட்பது?

கலை என்றால் நமக்கு உடனே நினைவுக்கு வருவது டிசம்பர் 3. சர்வதேச மாற்றுத்திறனாளிகள் தினம். மேடை, பொன்னாடை, சிறப்பு விருந்தினர், நான்கு நிமிடக் குழு நடனம். மேடைக்குக் கீழே நின்று ஆசிரியை ஒவ்வொரு அசைவையும் ஆடிக் காட்ட, மேலே இருப்பவர்கள் அவரையே பார்த்துக்கொண்டு கையைத் தூக்குவார்கள். கைதட்டல், பொட்டலச் சாப்பாடு, அடுத்த டிசம்பர். இந்த வழிகாட்டி அதற்கானது அல்ல. வாரம் ஒரு நாள், வருடம் முழுக்க, அதே இடத்தில் நடக்கும் கலைக்கூடத்துக்கானது. பெற்றோர், சிறப்பு ஆசிரியர்கள், உள்ளூர்க் கலைஞர்கள், நூலக வாசகர் வட்டத்தினர் யார் வேண்டுமானாலும் தொடங்கலாம். பெரிய நிறுவனம் தேவையில்லை, பொறுமை நிறையத் தேவை.

படி 1: எதை நடத்தப்போகிறீர்கள் என்று தெளிவாக்கிக்கொள்ளுங்கள்

கலைவழிச் சிகிச்சை வேறு, கலைக்கூடம் வேறு. முன்னதற்குப் பயிற்சி பெற்ற சிகிச்சையாளர் வேண்டும். அதற்கென்று இலக்குகள், பதிவேடுகள் உண்டு. கலைக்கூடத்தில் வருகிறவர் நோயாளியும் அல்ல, மாணவரும் அல்ல. அவர் வேலை செய்யும் கலைஞர். விரல் வலுப்படலாம், பேச்சு கூடலாம், கோபம் குறையலாம். அவை வந்தால் நல்லது, ஆனால் அவற்றுக்காக அல்ல இது.

இதற்கு உலகில் நல்ல முன்னோடிகள் இருக்கிறார்கள். கலிஃபோர்னியாவின் ஓக்லாண்டில் 1974-இல் ஃப்ளோரன்ஸ் லூடின்ஸ்-காட்ஸ் என்ற ஓவியரும் அவர் கணவரான உளவியலாளர் எலியாஸ் காட்ஸும் தொடங்கிய ‘கிரியேட்டிவ் குரோத்’ இன்றும் நடக்கிறது. பெரிய விடுதிகளில் அடைத்து வைக்கப்பட்டிருந்த மாற்றுத்திறனாளிகளை வெளியே விடத் தொடங்கிய காலம் அது. வெளியே வந்தவர்கள் போக இடமில்லை. அங்கே 1987-இல் வந்து சேர்ந்தவர் ஜூடித் ஸ்காட். டவுன் சிண்ட்ரோம் (குரோமோசோம் கூடுதலால் பிறவியிலேயே வரும் அறிவுசார் குறைபாடு), காது கேளாது, பேச்சு இல்லை, ஏழு வயது முதல் விடுதிகளிலேயே வளர்ந்தவர். இரட்டைச் சகோதரிதான் அவரை மீட்டு அழைத்துவந்தார். ஏறக்குறைய இரண்டு ஆண்டுகள் அவர் எதிலும் ஆர்வம் காட்டவில்லை. வண்ணம் கொடுத்தார்கள், பென்சில் கொடுத்தார்கள், ஒன்றும் நடக்கவில்லை. ஒரு நாள் நூல் வேலைப் பயிற்சியில் உட்கார்ந்தவர், கையில் கிடைத்த பொருள்களை நூலாலும் கம்பளி இழையாலும் சுற்றிச் சுற்றி மூடத் தொடங்கினார். 2005-இல் இறக்கும்வரை அதைத்தான் செய்தார். இன்று அவர் படைப்புகள் பெரிய அருங்காட்சியகங்களில் இருக்கின்றன.

எல்லாரும் ஜூடித் ஸ்காட் ஆகிவிட மாட்டார்கள். எனக்கு அந்தக் கதையில் முக்கியம் அருங்காட்சியகம் அல்ல, அந்த இரண்டு ஆண்டுகள். ‘இவருக்கு வராது, அடுத்தவருக்கு இடம் கொடுப்போம்’ என்று யாரும் அவரை அனுப்பிவிடவில்லை. உங்கள் கூடத்துக்கும் அந்த விதி ஒன்றை எழுதிவையுங்கள்: சும்மா உட்கார்ந்திருப்பவரும் உறுப்பினரே.

படி 2: இடம், நேரம், எண்ணிக்கை

எட்டு முதல் பத்துப் பேர் போதும். 18 முதல் 35 வயது வரை என்று வைத்துக்கொள்ளலாம். பதினைந்து பேரை முதல் மாதமே சேர்த்தால் அது கூட்டம் மேய்க்கும் வேலையாகிவிடும்.

இடத்துக்கு வாடகை கொடுக்கவேண்டிய அவசியம் பெரும்பாலும் வராது. நூலகத்தின் மாடி வேண்டாம், கீழ்த்தளம் கேளுங்கள். சனிக்கிழமைகளில் பள்ளி வகுப்பறை, ஊராட்சியின் சமுதாயக்கூடம், முகூர்த்தம் இல்லாத நாளில் கல்யாண மண்டபத்தின் சாப்பாட்டுக்கூடம் (நீளமான மேசை, கை கழுவும் குழாய், வழுக்காத தரை எல்லாம் அங்கே தயாராக இருக்கும்). ஆனால் முகூர்த்த நாள் வந்தால் உங்களை வெளியே அனுப்பிவிடுவார்கள். இடம் மாறினால் நம் ஆட்களில் பலருக்கு அந்த நாளே கெட்டுப்போகும். ஆகவே சுமாரான இடமாக இருந்தாலும் மாறாத இடமே மேல். கழிப்பறையை முதலில் போய்ப் பாருங்கள்: தாழ்ப்பாள் வெளியிலிருந்தும் திறக்க முடியுமா, மேற்கத்தியக் கழிப்பறை உண்டா, பக்கெட் இருக்கிறதா. கடகடக்கும் மின்விசிறியை எண்ணெய் விட்டுச் சரிசெய்யுங்கள். ஆட்டிசமும் சேர்ந்து இருப்பவருக்கு அந்தச் சத்தம் ஒன்றே போதும், உள்ளே வரமாட்டார்.

நேரம் காலை 10 முதல் 12 வரை. வலிப்புக்கும் தூக்கத்துக்கும் மாத்திரை எடுப்பவர்கள் பிற்பகலில் சொக்கிப்போவார்கள்.

படி 3: ஆட்கள்

இங்கே நிறையப் பேர் சறுக்குகிறார்கள். ‘சிறப்புக் கல்வி படித்தவர்கள்தான் வேண்டும்’ என்று தேடுவார்கள், கிடைக்கமாட்டார்கள், திட்டம் கிடப்பில் போகும். உங்களுக்கு முதலில் வேண்டியது கைத்தொழிலில் ஊறிய ஒருவர். குயவர், பறைக் கலைஞர், கூத்துக்காரர், பள்ளி ஓவிய ஆசிரியர். தன் கலையை நேசிப்பவர், அவசரம் இல்லாதவர். அவரோடு சிறப்புக் கல்வி தெரிந்த ஒருவர் மாதம் ஒருமுறை வந்து பார்த்தாலே போதும். மூன்று பேருக்கு ஒரு துணைவர் என்று தன்னார்வலர்களைச் சேருங்கள். கல்லூரி மாணவர்கள் வருவார்கள், ஆனால் தேர்வு வந்தால் காணாமல் போவார்கள். ஓய்வுபெற்ற ஆசிரியைகள், தையல்காரர்கள், ஊரில் இருக்கும் பாட்டிமார்கள் நிலைப்பார்கள்.

கலைஞருக்குச் சன்மானம் கொடுத்தே ஆகவேண்டும். ‘சேவைதானே’ என்று குயவரை இலவசமாகக் கூப்பிட்டால், அவர் நல்ல மனசோடு மூன்று வாரம் வருவார். நான்காம் வாரம் சூளை வைக்கிற நாளாக இருக்கும்.

பயிற்சிக்கு வெளியூர் போக முடிந்தால், கிழக்குக் கடற்கரைச் சாலையில் முட்டுக்காட்டில் இருக்கும் பல்வகைக் குறைபாடுகளுக்கான தேசிய நிறுவனத்தை அணுகலாம். அதே முட்டுக்காட்டில் தட்சிணசித்ரா என்ற பண்பாட்டு அருங்காட்சியகமும் இருக்கிறது. கைவினைஞர்கள் உட்கார்ந்து வேலை செய்வதை நேரில் பார்க்கலாம். சென்னை வித்யாசாகர், ஆய்க்குடி அமர் சேவா சங்கம் போன்று மாற்றுத்திறனாளிகளுக்காக நீண்டகாலம் இயங்கும் அமைப்புகளையும் ஒருமுறை பார்த்துவிட்டு வருவது நல்லது. பார்க்கும்போது சுவரில் மாட்டியிருப்பதைப் பார்க்காதீர்கள். துணைவர்களின் கை எங்கே இருக்கிறது என்று பாருங்கள்.

தன்னார்வலர் எல்லாரிடமும் அடையாளச் சான்றின் நகல், இரண்டு பேரின் பரிந்துரை, முடிந்தால் காவல்துறைச் சரிபார்ப்பு வாங்குங்கள். ‘நம்ம ஊரு ஆளு’ என்பது சான்று ஆகாது.

படி 4: வீட்டுக்குப் போய்ப் பேசுங்கள்

நோட்டீஸ் ஒட்டினால் யாரும் வரமாட்டார்கள். மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் சொல்லிவைக்கலாம். சிறப்புப் பள்ளித் தலைமையாசிரியரிடம் பள்ளி முடித்துப் போனவர்களைப் பற்றிக் கேட்கலாம். அவர்கள் வீட்டாரிடம் முதலில் அனுமதி கேட்டுவிட்டு, பிறகு நீங்கள் நேரில் போங்கள். வாசலில் நின்று பேசாதீர்கள், காபி கொடுத்தால் குடியுங்கள்.

பெரும்பாலும் அம்மாதான் பேசுவார். “இவன் என்ன பண்ணப்போறான் சார், சும்மா உக்காந்திருப்பான்.”

“உக்காரட்டும்மா. அதுக்கும் இடம் இருக்கு.”

இந்தப் பதிலுக்குப் பிறகுதான் உண்மையான பேச்சு தொடங்கும். பெண்ணைப் பெற்றவர்களின் பயம் வேறு. யார் கூட்டிப்போவது, கழிப்பறைக்கு யார் துணை, மாதவிலக்கு நாளில் என்ன செய்வது. இவற்றுக்கு உங்களிடம் தயாரான பதில் வேண்டும், பெண் துணைவர் ஒருவரின் பெயரோடு.

அம்மாவிடம் பேசி முடித்ததும், யாருக்காகப் போனீர்களோ அவரிடம் பேசுங்கள். களிமண் உருண்டை ஒன்று, சிறிய பறைக்குச்சி, வண்ணத் துணி, கூடத்தின் புகைப்படம் கையோடு எடுத்துப்போனால் பேச்சு வராதவரும் காட்டிச் சொல்வார். வேண்டாம் என்று அவர் தள்ளினால் அந்த முறை அதோடு சரி. அடுத்த மாதம் திரும்பப் போய்க் கேட்கலாம்.

ஒரு பக்கப் படிவம் எழுதி வாங்குங்கள். வலிப்பு உண்டா, கடைசியாக எப்போது வந்தது, என்ன மாத்திரை, ஒவ்வாமை, கண், காது, விழுங்குவதில் சிரமம். இவை எல்லாப் படிவத்திலும் இருக்கும். இன்னும் நான்கு கேள்வி சேருங்கள்: ‘வேண்டாம்’ என்பதை எப்படிச் சொல்வார்? எதைக் கண்டால் பயப்படுவார்? கோபம் வருமுன் என்ன அறிகுறி தெரியும்? எந்தப் பாட்டு போட்டால் நிமிர்ந்து உட்காருவார்? இந்த நான்கும் மருத்துவச் சான்றிதழைவிட அதிகம் உதவும்.

வந்துபோவதுதான் பெரிய தடை. தமிழ்நாட்டில் சாதாரண நகரப் பேருந்துகளில் மாற்றுத்திறனாளிக்கும் உடன் வருபவருக்கும் கட்டணம் இல்லை. இது தெரியாத குடும்பங்கள் இன்னும் இருக்கின்றன. பேருந்து இல்லாத இடத்துக்கு ஒரே ஆட்டோவை மாதக் கணக்கில் பேசுங்கள், ஓட்டுநர் மாறக் கூடாது.

அம்மாக்கள் கூடத்துக்குள் உட்காரக் கூடாது. இதைக் கனிவாக, ஆனால் முதல் நாளே சொல்லிவிட வேண்டும். அவர்களுக்குத் திண்ணையில் நாற்காலியும் டீயும் போடுங்கள். இருபது வருடத்தில் முதன்முறையாக இரண்டு மணிநேரம் சும்மா இருக்கிறேன் என்று சொல்பவர்களும் அங்கே இருப்பார்கள்.

படி 5: எந்தக் கலை?

கடையில் கிடைக்கும் வண்ணமிடும் புத்தகம் வேண்டவே வேண்டாம். மிக்கி மௌஸுக்குள் கோடு தாண்டாமல் வண்ணம் அடிப்பது 25 வயதுக்காரருக்கு வேலை அல்ல. கை அளைய ஏதாவது வேண்டும், அது நம் ஊரில் கிடைப்பதாக இருக்கட்டும்.

களிமண்ணில் தொடங்குவது எப்போதும் நல்லது. தப்பு என்பதே அதில் இல்லை, அழுத்தினால் அழுந்தும். மானாமதுரை போல மண்பாண்டத்துக்குப் பெயர்பெற்ற ஊர் பக்கத்தில் இருந்தால் பிசைந்த மண்ணே வாங்கலாம். இல்லாவிட்டால் குயவரிடம் சொல்லிவைத்து, ஈரச் சாக்கில் சுற்றி, பிளாஸ்டிக் வாளியில் மூடி வைத்துக்கொள்ளுங்கள். செய்தவற்றை வெயிலில் வைத்தால் விரியும். நிழலில், மேலே செய்தித்தாள் போட்டு ஒரு வாரமாவது காயவிட வேண்டும். கெட்டியான உருவங்களைக் கம்பி வளையத்தால் உள்ளே குடைந்துவிடச் சொல்வார் குயவர். உள்ளே ஈரம் நின்றால் சூளையில் வெடித்துப் பக்கத்தில் இருப்பதையும் உடைத்துவிடும்.

ஒரு இளைஞரைப் பற்றிச் சொல்கிறேன். எல்லாருக்கும் அகல் விளக்கு செய்யக் காட்டினால் இவர் மட்டும் நெல்லிக்காய் அளவு உருண்டைகளாக உருட்டிக்கொண்டே இருப்பார். துணைவர்கள் ‘விளக்கு, விளக்கு’ என்று நச்சரித்தார்கள். குயவர்தான் “விடுங்க, கை நல்லா ஓடுது” என்றார். உருண்டைகளில் ஈர்க்குச்சியால் துளை போட்டுச் சூளையில் வைத்துக் கொடுத்தார், மாலையாகக் கோக்கலாம் என்று. அந்த இளைஞர் கோக்க விடவில்லை. பெரிய தாம்பாளத்தில், வெளிர் நிறம் ஒரு பக்கம், கருகியது மறு பக்கம் என்று நிறவாரியாக அடுக்கினார். நடுவில் ஒரு கை அகல இடத்தை வெறுமையாக விட்டார். யாராவது அங்கே ஓர் உருண்டையை வைத்தால் எடுத்துவிடுவார். அதற்கு மேல் நாங்கள் ஒன்றும் செய்யவில்லை, தாம்பாளத்தோடு அப்படியே காட்சிக்கு வைத்தோம்.

காகிதக் கூழ் இன்னொரு அருமையான பொருள். பழைய செய்தித்தாளைக் கிழிப்பது முதல் வேலை. எல்லாராலும் முடியும், அந்தச் சத்தம் பலருக்குப் பிடிக்கும். இரண்டு மூன்று நாள் ஊறவைத்து, ஊறிய வெந்தயத்தோடு அரைத்து, கவிழ்த்த பானைமேல் துணி போட்டு அப்பினால் கூடை. நம் பாட்டிகள் செய்ததுதான். வெந்தயம் கூழைப் பிடித்து நிறுத்தும், பூச்சியும் அண்டாது. பசையில் ரசாயனமும் இல்லை. கையில் கிடைத்ததை வாயில் வைக்கும் பழக்கம் உள்ளவர் இருந்தால் இது பெரிய நிம்மதி.

கோலம் புள்ளி, கட்டம், திரும்பத் திரும்ப வரும் ஒழுங்கு என்பதால் ஆட்டிசம் உள்ளவர்கள் பலருக்கு ஈர்ப்பாக இருக்கும். கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் சேர்த்து மாவைக் கிள்ளுவதுதான் சிக்கல். அரிசி மாவைக் கரைத்து மூக்குள்ள சாஸ் பாட்டிலில் ஊற்றிக் கொடுத்தால் அழுத்திக்கொண்டே இழுக்கலாம். துணியை நனைத்துப் பிழியும் மாக்கோலமும் சிலருக்கு வரும். கல்மாவு தூசி பறக்கும், இருமல் உள்ளவர்களுக்கு ஆகாது. ‘ஆம்பளப் புள்ள கோலமா’ என்று யாராவது கேட்பார்கள். கேட்டுவிட்டுப் போகட்டும்.

பறைக்கு எதிர்ப்பு வேறு மாதிரி வரும். சாவு மேளம் என்பார்கள், சாதியை நேராகச் சொல்லாமல் சுற்றிச் சொல்வார்கள். நான் இதில் விட்டுக்கொடுப்பதில்லை. சொல் வராத உடம்பில் தாளம் நிற்கும் என்பதைப் பறையைக் கொடுத்துப் பார்த்தால்தான் தெரியும். இடக்கையில் நீளமான சிண்டுக்குச்சி, வலக்கையில் தடித்த அடிக்குச்சி. இரண்டையும் பிடிக்க முடியாதவருக்கு அடிக்குச்சி மட்டும் போதும். பிடி நழுவினால் சைக்கிள் டியூபைச் சுற்றிக் கொடுங்கள். திறந்த வெளியில் வாசியுங்கள், மூடிய அறையில் பறை காதைப் பிளக்கும். சத்தம் தாங்காதவருக்குக் காது மூடியும், தூரத்தில் ஒரு பாயும் வேண்டும். தூரத்தில் உட்கார்ந்தே மண்ணில் குச்சியால் தட்டிக்கொண்டிருப்பவர் குழுவில்தான் இருக்கிறார்.

நாடகம் கடைசியாக, ஆறு மாதமாவது பழகிய பிறகு. வசனம் எழுதிக் கொடுத்து மனப்பாடம் செய்யவைக்க வேண்டாம். பஸ் ஏறுவது, டீக்கடை, ரேஷன் கடை வரிசை என்று தினமும் பார்ப்பதை நடித்துக் காட்டச் சொல்லுங்கள். கூத்தின் கட்டியங்காரன் போல ஒருவர் கதையை நடத்திக்கொண்டே போனால், மற்றவர் எப்போது வேண்டுமானாலும் உள்ளே வரலாம், வெளியே போகலாம். ஆஸ்திரேலியாவின் ஜீலாங் நகரில் 1987-இல் தொடங்கிய ‘பேக் டு பேக்’ நாடகக் குழுவில் நடிகர்களே, அறிவுசார் குறைபாடு உள்ளவர்களே, தங்கள் நாடகங்களை உருவாக்குகிறார்கள். 2022-இல் சர்வதேச இப்சன் விருது, 2024-இல் வெனிஸ் நாடக விழாவின் வாழ்நாள் சாதனைக்கான தங்கச் சிங்கம் விருது. அனுதாபத்துக்குக் கொடுக்கும் விருதுகள் அல்ல இவை.

படி 6: ஒரு சனிக்கிழமை எப்படி நடக்கும்

சுவரில் படஅட்டவணை ஒன்று. செருப்பு, பாட்டு, களிமண், டீ, வேலை, கை கழுவுதல், வீடு என்று ஏழு புகைப்படங்கள் வரிசையாக. ஒவ்வொன்று முடிந்ததும் ஒருவர் அந்தப் படத்தைக் கவிழ்ப்பார். ‘இன்னும் எவ்வளவு நேரம்’ என்று கேட்டுக்கொண்டே இருப்பவர் இருந்தால் அந்த வேலையை அவருக்கே கொடுங்கள்.

வந்ததும் வட்டமாக உட்கார்ந்து பெயர் சொல்லல். பெயரைச் சொல்ல முடியாதவர் பறையில் தன் தட்டைத் தட்டுவார். பிறகு ஏப்ரன், அதாவது அப்பாவின் பழைய சட்டையைத் திருப்பிப் போட்டுப் பின்னால் பொத்தான் போடுவது. மேசையில் இரண்டு பொருள் மட்டும். எட்டு வண்ணத்தைப் பரப்பி ‘எது வேணும்’ என்று கேட்டால் திகைத்துப்போவார்கள். இரண்டைக் காட்டிக் கேட்டால் தேர்வு தெளிவாக வரும். ‘ரெண்டும் வேண்டாம்’ என்பதும் ஒரு பதில்தான்.

11 மணிக்கு டீ. இது இடைவேளை மட்டும் அல்ல. டம்ளர் எண்ணி வைப்பது, பிஸ்கட் பகிர்வது, அடுத்தவர் செய்ததைப் போய்ப் பார்ப்பது எல்லாம் இங்கேதான் நடக்கும். டீக்குப் பிறகு வரும் 40 நிமிடத்தில் பொதுவாக நல்ல வேலை நடக்கும்.

முடிக்க 15 நிமிடம் இருக்கும்போதே மணி அடித்துச் சொல்லிவிடுங்கள். பாதியில் பிடுங்கினால் வரும் கோபத்துக்கு நாம்தான் பொறுப்பு. முடியாததை ஈரத் துணி போட்டு, பெயர்ச் சீட்டு வைத்து, அடுத்த வாரம் அதே இடத்தில் கொடுக்க வேண்டும்.

படி 7: கையை எடுங்கள்

தன்னார்வலர்களுக்கு நான் சொல்லிக்கொடுப்பது பெரும்பாலும் இதைத்தான். கையைப் பிடித்து வரையவைத்தால் அந்தப் படம் உங்களுடையது.

உதவிக்கு ஒரு வரிசை உண்டு. முதலில் காத்திருங்கள், மனதுக்குள் பத்து எண்ணுங்கள். எண்ணிப் பார்த்தால் அது எவ்வளவு நீளம் என்று தெரியும். அடுத்து ஒரு சொல்: ‘அழுத்துங்க’. நீண்ட வாக்கியம் வேண்டாம். அதுவும் பலிக்காவிட்டால் சுட்டிக்காட்டுங்கள். பிறகு பக்கத்தில் உட்கார்ந்து உங்கள் மண்ணில் நீங்கள் செய்துகாட்டுங்கள், அவர் மண்ணைத் தொடாமல். கடைசியாகத்தான் தொடுதல், அதுவும் கேட்டுவிட்டு. அவர் கைமேல் உங்கள் கையை வைக்காமல், உங்கள் கையை அடியில் கொடுத்து மேலே அவர் கையை வைக்கவிடுங்கள். எப்போது வேண்டுமானாலும் அவர் எடுத்துவிடலாம்.

கருவியை மாற்றுவது ஆளை மாற்றுவதைவிட எளிது. தூரிகைப் பிடியில் ஸ்பாஞ்ச் சுற்றுங்கள். காகிதம் நகர்ந்தால் நான்கு மூலையிலும் டேப் ஒட்டுங்கள். கத்தரிக்கோல் வராவிட்டால் அளவுகோலை வைத்துக் கிழிக்கலாம். உட்கார்ந்து முடியாதவருக்குச் சுவரில் ஒட்டி, நின்று வரையட்டும்.

பாராட்டிலும் கவனம் வேண்டும். எதைச் செய்தாலும் ‘சூப்பர்’ என்று கைதட்டினால் நம் முகத்தைப் பார்த்தே செய்யத் தொடங்கிவிடுவார்கள். ‘இங்கே நீலத்தை அழுத்திப் போட்டிருக்கீங்க’ என்று பார்த்ததைச் சொல்லுங்கள். ‘குழந்தைகளே’ வேண்டாம், எல்லாரும் வாக்களிக்கும் வயதைத் தாண்டியவர்கள். பெயர் சொல்லி, வாங்க போங்க என்றே பேசுங்கள். அக்கா, அண்ணா என்று அவர்கள் உங்களைக் கூப்பிடட்டும். மிஸ், சார் வந்தால் கூடம் பள்ளியாகிவிடும்.

படி 8: பாதுகாப்பு

வலிப்பு வந்தால் கையில் இரும்புச் சாவி திணிப்பது நம் ஊர் வழக்கம். அதனால் எந்தப் பயனும் இல்லை. சுற்றியுள்ள பொருள்களை நகர்த்தி, தலைக்குக் கீழே மெத்தென்று ஏதாவது வைத்து, ஒருக்களித்துப் படுக்கவைத்து, கடிகாரத்தைப் பாருங்கள். வாயில் எதையும் வைக்கக் கூடாது, தண்ணீர் கொடுக்கக் கூடாது. ஐந்து நிமிடம் தாண்டினாலோ, அடுத்தடுத்து வந்தாலோ, மூச்சில் சிரமம் தெரிந்தாலோ உடனே 108.

டவுன் சிண்ட்ரோம் உள்ளவர்களில் சிலருக்குக் கழுத்துப் பகுதி முதுகெலும்பின் மேல் மூட்டு தளர்வாக இருக்கும். குட்டிக்கரணம், தலையை வெட்டி ஆடுவது வேண்டாம். ஆட்டம் தொடங்குமுன் மருத்துவரிடம் கேட்டுவரச் சொல்லுங்கள். நடை திடீரென்று தள்ளாடினாலோ கழுத்து வலித்தாலோ ஆட்டத்தை நிறுத்திவிட்டு மருத்துவமனைக்கு அனுப்புங்கள்.

வண்ணங்களில் ‘நச்சற்றது’ என்ற குறிப்பு இருப்பதை மட்டும் வாங்குங்கள். ஒருவரை ஒரு துணைவர் தனியாக மூடிய அறையில் வைத்திருக்கக் கூடாது, யாராக இருந்தாலும். கழிப்பறைக்குத் துணை அதே பாலினத்தவர். ஏதாவது தவறு நடந்ததாகத் தெரிந்தால் ‘குடும்ப மானம்’ என்று மூடிவிட வேண்டாம். 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 92-ஆம் பிரிவில், துன்புறுத்துபவருக்கு ஆறு மாதம் முதல் ஐந்து ஆண்டுவரை சிறைத்தண்டனை உண்டு.

புகைப்படம் எடுக்குமுன் அவரிடமே கேளுங்கள், வீட்டாரிடமும் எழுத்தில் வாங்குங்கள். அழும்போதும் அழுக்காக இருக்கும்போதும் எடுத்த படம் வாட்ஸ்அப் குழுவுக்குப் போகக் கூடாது.

படி 9: பணமும் தாளும்

பொருள் செலவு குறைவு. மண், மாவு, பழைய பேப்பர், பழைய சட்டை. பணம் போவது கலைஞர் சன்மானத்துக்கும் ஆட்டோவுக்கும். முதல் ஆறு மாதம் உள்ளூரிலேயே நடத்துங்கள்: ஒரு கடைக்காரர் டீ, ஒருவர் ஆட்டோ, ஒருவர் சன்மானம் என்று பிரித்துக் கேட்டால் கொடுப்பார்கள். பெரிய நன்கொடையும் நிறுவனங்களின் சமூகப் பொறுப்பு நிதியும் வேண்டுமானால் அறக்கட்டளையோ சங்கமோ பதிவுசெய்து, 12ஏ, 80ஜி என்று வழக்கில் சொல்லும் வருமானவரித் துறையின் வரிவிலக்குச் சான்றுகளும், நிறுவன நிதி பெறுவதற்கான சிஎஸ்ஆர்-1 பதிவும் வாங்க வேண்டும். அதுவரை ஏற்கெனவே பதிவுபெற்ற அமைப்பின் கீழ் நடத்துவது சுலபம்.

உள்ளாட்சியிடமோ கலெக்டர் அலுவலகத்திலோ இடம் கேட்கும்போது கையில் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 29-ஆம் பிரிவின் நகல் இருக்கட்டும். மாற்றுத்திறனாளிகள் மற்றவர்களுக்குச் சமமாகப் பண்பாட்டு வாழ்வில் பங்கேற்க அரசும் உள்ளாட்சியும் வழிசெய்ய வேண்டும் என்று அதே உரிமைச் சட்டம் சொல்கிறது. கெஞ்சவேண்டிய தொனி இல்லாமல் பேசலாம்.

வருகிற குடும்பங்களுக்கு மாற்றுத்திறனாளிக்கான தனித்துவ அடையாள அட்டை, பராமரிப்பு உதவித்தொகை, மத்திய அரசின் தேசிய அறக்கட்டளை நடத்தும் ‘நிராமயா’ மருத்துவக் காப்பீடு (ஆண்டுக்கு 1 லட்சம் ரூபாய் வரை) ஆகியவை இருக்கின்றனவா என்று திண்ணையில் டீ குடிக்கும்போது கேட்டுவிடுங்கள்.

படி 10: காட்சி, விற்பனை

ஓராண்டு முடியும்முன் காட்சி வேண்டாம். வைக்கும்போது டிசம்பர் 3-ஐத் தவிர்த்துவிடுங்கள். பொங்கல் சமயமோ, கொலு சமயமோ, நூலகத்தில் ஒரு வாரம் வையுங்கள். படைப்பின் கீழே பெயர், பொருள், ஆண்டு. இயலாமையின் பெயரை எழுதாதீர்கள். வேறு எந்த ஓவியர் காட்சியில் அவருடைய சர்க்கரை அளவை எழுதி மாட்டுகிறோம்? எதைக் காட்சிக்கு வைப்பது என்று கலைஞரே எடுத்துக் கொடுக்கட்டும். தன் படைப்பை விற்க மறுத்தால் விற்கக் கூடாது.

விலையைப் பரிதாபத்துக்கு ஏற்ப வைக்காதீர்கள், அதிகமாகவும் வேண்டாம், குறைவாகவும் வேண்டாம். அதே அளவுச் சுடுமண் பொருள் வெளியே என்ன விலைக்குப் போகிறதோ அதை ஒட்டி வையுங்கள். விற்ற பணத்தில் பாதியாவது செய்தவருக்கு. ஓக்லாண்டின் கிரியேட்டிவ் குரோத்தில் பாதிப் பங்கு கொடுக்கிறார்கள். பதிப்புரிமை படைத்தவருடையது என்பதால், படைப்பை வாழ்த்து அட்டையிலோ நாள்காட்டியிலோ அச்சடித்தால் அதற்கும் தனியாகப் பங்கு உண்டு.

பணம் அவர் பெயரில் உள்ள வங்கிக் கணக்குக்கே போகவேண்டும். கணக்குத் திறக்க வங்கியில் இழுத்தடித்தால், பல நேரம் சட்டப் பாதுகாவலர் சான்று கேட்பார்கள். 1999-ஆம் ஆண்டின் தேசிய அறக்கட்டளைச் சட்டப்படி, கலெக்டர் தலைமையிலான உள்ளூர் மட்டக் குழு அதை வழங்கும். ஆனால் தானே கையெழுத்தோ ரேகையோ வைத்துக் கணக்கை நடத்தக்கூடியவருக்கு, வசதிக்காகப் பாதுகாவலர் போட்டுவிடாதீர்கள். அவர் உரிமையைக் குறைக்கும் தாள் அது. முதல் தொகை வந்ததும் அதில் ஒரு நூறு ரூபாயாவது நோட்டாக அவர் கையில் கொடுத்துக் கடைக்குக் கூட்டிப்போங்கள். கணக்குப் புத்தகத்தில் ஏறிய எண் பலருக்குப் பணமாகத் தெரியாது, அந்த நூறு ரூபாய் தெரியும்.

படி 11: இரண்டாம் ஆண்டு

ஒவ்வொருவருக்கும் ஒரு பெரிய கோப்பு வைத்து, மாதம் இரண்டு படைப்பையோ அதன் புகைப்படத்தையோ தேதியோடு சேருங்கள். மதிப்பெண், ‘முன்னேற்றம் 60 சதவீதம்’ எல்லாம் வேண்டாம். நிதி கொடுப்பவர் அறிக்கை கேட்டால் இந்தக் கோப்பைத் திறந்து காட்டுங்கள். அதிலேயே ஒருவர் எப்போது சிவப்பை விட்டார், எப்போது கோடு நீண்டது, எந்த மாதம் ஒன்றுமே செய்யவில்லை என்று தெரியும். ஒன்றுமே செய்யாத மாதம் வந்தால் முதலில் மாத்திரை மாறியதா, வீட்டில் யாராவது இறந்தார்களா, பல்வலியா என்று விசாரியுங்கள்.

சிலர் போவார்கள். குடும்பம் ஊர் மாறும், அப்பாவுக்கு உடம்பு முடியாமல் போகும். இடம் காலியானால் காத்திருப்போர் பட்டியலில் அடுத்தவரை ஒருவர் ஒருவராகச் சேருங்கள், மூன்று பேரை ஒரே சனிக்கிழமை வேண்டாம்.

பழையவர்களில் மண் பிசைவதில் தேர்ந்த ஒருவரை உதவியாளராக அமர்த்துங்கள், தன்னார்வலராக அல்ல, சம்பளத்துக்கு. தொகை சிறியதாக இருந்தாலும் மாதா மாதம் தேதி தவறாமல் கொடுங்கள். பக்கத்து ஊரிலிருந்து யாராவது ‘எங்க ஊர்லயும் தொடங்கணும்’ என்று வந்தால் பார்வையாளர் நாற்காலி போடாதீர்கள். ஒரு மாதம் வரச் சொல்லி, அந்த உதவியாளருக்குப் பக்கத்தில் மண் பிசைய உட்காரவையுங்கள்.